கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் கோர்ட்ல செல்லுமா?

1951-ல வந்த அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்துப் போடல. அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் நம்மகிட்ட கிடையாது. சரி, உயிருக்குப் பயந்து எல்லை தாண்டி வந்த ஒருத்தர் நம்ம கோர்ட்ல எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார்?

அரசியலமைப்போட 21-வது பிரிவைத்தான். உயிர், தனிமனித சுதந்திரம் பத்திப் பேசற அந்தப் பிரிவுல 'குடிமகன்'னு இல்ல, 'நபர்'னு இருக்கு. 1996-ல அருணாசலப் பிரதேசத்துல சக்மா மக்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லி மிரட்டினப்போ, அவங்களைக் காப்பாத்தறது மாநில அரசோட கடமைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது இதை வெச்சுதான்.

ஆனா, 'எங்களைத் திருப்பி அனுப்பாதீங்க'ன்னு கேட்கறது அதைவிடக் கஷ்டம். ஆபத்து இருக்கிற நாட்டுக்கே ஒருத்தரைத் தள்ளிவிடக் கூடாதுங்கிறதுதான் அகதிகள் சட்டத்தோட உயிர்நாடி. இதுல 2021-ல, ஒரு மாசத்துக்குள்ள ரெண்டு உத்தரவு வந்துச்சு.

ஏப்ரல் 8. ஜம்முல அடைச்சு வெச்சிருந்த ரோஹிங்கியாக்களை மியான்மருக்கு அனுப்பக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றத்துல மனு. 21-வது பிரிவு எல்லாருக்கும் உண்டுன்னு கோர்ட் ஒத்துக்கிச்சு. ஆனா நாடு கடத்தப்படாம இருக்கிற உரிமை, இந்தியாவுல எங்கயும் தங்கி வாழற உரிமையோட ஒட்டினது. 19-வது பிரிவுல வர்ற அது குடிமக்களுக்கு மட்டும்தான்னு சொல்லிடுச்சு. உரிய நடைமுறையைப் பின்பற்றாம அனுப்பக் கூடாதுங்கிறதோட சரி. எனக்கு இந்த வாதம் இடிக்குது. 'இங்கேயே தங்க விடுங்க'ங்கிறதும் 'சாகிற இடத்துக்கு அனுப்பாதீங்க'ங்கிறதும் ஒண்ணு இல்லையே?

மே 3, மணிப்பூர் உயர் நீதிமன்றம். ராணுவ ஆட்சிக்குப் பயந்து மியான்மர்லேர்ந்து வந்த ஏழு பேர் எல்லை ஊரான மோரேல இருந்தாங்க. (பர்மாவுலேர்ந்து திரும்பின தமிழர்கள் குடியேறின அதே மோரேதான்.) அவங்கள்ல பத்திரிகையாளர்களும் உண்டு. ஒப்பந்தத்துல நாம இல்லாட்டியும், திருப்பி அனுப்பாமை 21-வது பிரிவுக்குள்ளேயே அடக்கம்னு கோர்ட் சொல்லிச்சு. டெல்லி போய் ஐநா அகதிகள் ஆணையத்துகிட்ட பாதுகாப்பு கேட்க வழியும் விட்டுச்சு.

அப்போ ஏப்ரல் உத்தரவு? அந்த வழக்குல அரசு தேசப் பாதுகாப்பைக் காரணமா வெச்சது, இந்த ஏழு பேர் மேல அப்படி எதுவும் இல்லன்னு மணிப்பூர் பிரிச்சுக் காட்டிடுச்சு. அதனால இப்போதைக்கு ஒரு அகதியோட நிலைமை, அவர் எந்த கோர்ட் வாசல்ல நிக்கிறார், அரசு அவரைப் பத்தி என்ன சொல்லுது, இந்த ரெண்டையும் பொறுத்துத்தான் இருக்கு.