பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

போன மாதம் என் மச்சானுடன் ஒரு பழைய கார் பார்க்கப் போயிருந்தேன். காலை ஏழு மணி. அகல டயர், வாய் பெருத்த சைலன்சர். உறுமல் தெருமுனை வரை கேட்டது. மச்சான் அங்கேயே மயங்கிவிட்டார். நான் பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். "நாளைக்கு வருகிறோம், நாங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்றேன். "அதுக்குள்ள வண்டி போயிடும் சார்" என்றார் புரோக்கர். போகட்டும் என்று வந்துவிட்டோம்.

காரணம் இருக்கிறது. எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கட் கசிவோ இருந்தால் முதல் ஸ்டார்ட்டில் டேப்பெட் சத்தம் போலவே 'டிக் டிக்' என்று கேட்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு அடங்கிவிடும். வாங்கியவர் காதில் அது மறுநாள் காலையில்தான் விழும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் கனமான 'டொக் டொக்' இதைவிட மோசம். கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம், அப்படியானால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். உறுமும் சைலன்சர் இரண்டையுமே மூடி மறைத்துவிடும். சிலர் அதற்காகவே மாட்டுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஐடிலில் ஆர்பிஎம் முள் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 700 முதல் 900க்குள் ஆடாமல் நிற்கும். இறங்கி ஏறினாலோ, மிஸ்ஸிங் அடித்து ஸ்டியரிங் நடுங்கினாலோ, மாற்றம் செய்த இடத்திலிருந்தே தேடச் சொல்லுங்கள். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய் ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்து காற்றின் அளவைத் தப்பாகக் காட்டும். ஒழுங்காக இறுக்காத ஹோஸ் வழியே கணக்கில் வராத காற்று புகும். மெக்கானிக் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்; எதைக் கழற்றியபோது தள்ளாட்டத்தில் மாற்றமில்லையோ, அந்த சிலிண்டர்தான் சும்மா கிடக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். கோளாறுக் குறியீடுகளை அழிக்க இரண்டு நிமிடம் போதும். ஸ்கேனரில் 'ரெடினஸ்' (வண்டியின் சுயபரிசோதனை) முடியவில்லை என்று வந்தால், சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

இனி சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு. மாற்றியது பழைய ஓனர் என்று செக்போஸ்ட்டில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் கிளெய்மும் சிக்கலாகும்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். வியாபாரி குறையை மறைத்து விற்றிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 1915க்கு அழைத்தும் புகார் சொல்லலாம். தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் மீது இந்த வழி பொதுவாகச் செல்லாது. ஏமாற்றியதை நிரூபித்து சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். அதனால் "இன்ஜின் பிரிக்கவில்லை, இன்னின்ன மாற்றம் செய்திருக்கிறேன்" என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

கோளாறு தெரிந்த பின் அவசரப்பட்டு இன்ஜினைப் பிரிக்காதீர்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், சத்தத்தை வீடியோ எடுங்கள், வேறொரு ஒர்க்‌ஷாப்பில் அறிக்கை வாங்குங்கள். பிரித்த பிறகு, தேய்ந்த பேரிங்கை அங்கேயே விட்டுவிட்டு வராமல் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வையுங்கள்.