கர்ப்பப்பை வாயைக் காக்கும் நல்ல கிருமிகள்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகு வந்தவையும் உண்டு. "வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது" என்பார்கள். ஆகவே இதை வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

பெண்ணின் பிறப்புப் பாதையில் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல கிருமிகளை அல்லாஹ் வைத்திருக்கிறான். பாலைத் தயிராக்கும் கிருமிகளுக்கு இவை உறவு. தயிரைப் போலவே அவ்விடத்தையும் புளிப்பாக வைக்கின்றன. அந்தப் புளிப்பில் தீய கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை.

இப்புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். தாம்பத்திய உறவில் தொற்றும் இது மிகப் பரவலானது. பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானே நீங்கிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியதும் இப்போது தெரியவரலாம் என்பதால் கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டாம். நீங்காமல் தங்கினால் 15, 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறலாம். நல்ல கிருமிகள் குறைந்த பெண்களிடம் வைரஸ் தங்கிவிடுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

சுத்தம் என்று எண்ணிச் சிலர் சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவுகிறார்கள். இது நல்ல கிருமிகளை அழித்துவிடும். கடமையான குளிப்புக்கும் வெளிப்புறத்தைக் கழுவினாலே போதும்; உள்ளே தண்ணீர் செலுத்த மார்க்கம் சொல்லவில்லை. தயிரைத் தடவுவதும் மருத்துவம் ஆகாது. துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொந்தரவு இல்லாவிட்டாலும் 30 வயதைக் கடந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. நம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒருமுறை இச்சோதனை செய்தார்கள். சோதனை நடக்காத ஊர்களைவிட அங்கே புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் ஆய்வு முடிவு வெளியானது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். பெண் செவிலியரே செய்யும்படி கேட்டுக்கொள்ளலாம். 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் உண்டு.

மார்க்கச் சட்டம் கேட்டறிய அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா நாயகி (ரலி) பாராட்டினார்கள். உயிர் காக்கும் விஷயத்திலும் வெட்கம் தடையாக வேண்டாம். ஆண்களே, உங்கள் மனைவியை, தாயை, சகோதரியை இந்த மாதமே அழைத்துச் செல்லுங்கள்.

நம் பெண்மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் நிறைந்த ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன்.

– செயலாளர்