11-ஆம் வகுப்பில் பாடத் தேர்வு: திரும்ப முடியாத ஒருவழிப் பாதை

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டப் படிப்பில் சேர்வது என்ற கேள்விக்கு மாணவர்கள் விடை எழுதுவது 17 வயதில் அல்ல, 15 வயதில்தான். 10-ஆம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு, 11-ஆம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் ஐந்து பாடங்களின் பெயரைக் குறிக்கும்போதே, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புகளுக்குச் சுமார் 71 ஆயிரம் இடங்கள் உள்ளன. 2021 வரை பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் 'கட்-ஆஃப்' அறிவிக்கப்பட்டது. பாடம் மாறி வருவோருக்கு அப்போதும் தடை இருந்தது. 2011-ல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி அறிவித்த நூறு சதவீதக் கட்-ஆஃப், பள்ளியில் வணிகவியல் படிக்காமல் பி.காம். ஹானர்ஸ் கோரியவர்களுக்கானதே. 2021-ல் பல கல்லூரிகளில் நூறு சதவீதம் வழக்கமாகிவிட்டது.

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) நடைமுறைக்கு வந்தது. இத்தேர்வை எதிர்த்து அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழக சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளி மதிப்பெண்ணின் ஆதிக்கம் தேர்வால் குறைந்தது. பள்ளிப் பாடத்தின் ஆதிக்கம் குறையவில்லை.

கணிதம் என்னும் வாசல்: பொருளாதார ஹானர்ஸ் படிப்பு கலைப் பிரிவைச் சேர்ந்ததாகக் கருதப்பட்டாலும், அதில் சேரக் கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதத் தாளை எழுதியாக வேண்டும். வரலாறு, அரசியல், பொருளாதாரம் எனப் பாடங்களை எடுத்துக் கணிதத்தைக் கைவிட்ட மாணவி, பொருளாதாரத்தில் எத்தனை மதிப்பெண் பெற்றாலும் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க இயலாது. இயற்பியல் ஹானர்ஸ் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் தேவை.

மறுபுறம், அரசியல் அறிவியல் ஹானர்ஸ் படிப்புக்கு ஒரு மொழித்தாளுடன் பட்டியலில் உள்ள ஏதேனும் மூன்று பாடங்கள் போதும். இயற்பியலும் வேதியியலும் படித்தவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அறிவியலிலிருந்து கலைக்கு வரலாம். கலையிலிருந்து அறிவியலுக்குப் போக முடியாது. பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, "கணிதத்தை மட்டும் விட்டுவிடாதே" என்று பெற்றோர் வற்புறுத்துவதற்கு இந்த ஒருவழிப் பாதையே காரணம்.

அந்த முடிவும் 11-ஆம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்று சொல்வதற்கில்லை. 2020 பொதுத் தேர்விலிருந்து, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ) 10-ஆம் வகுப்புக் கணிதத்தை 'தரநிலை', 'அடிப்படை' என இரண்டாகப் பிரித்தது. அடிப்படைக் கணிதம் எழுதியவர்கள் மேல்நிலையில் பயன்பாட்டுக் கணிதம் மட்டுமே எடுக்கலாம் என்பது விதி. சில ஆண்டுகளில் இவ்விதி தளர்த்தப்பட்டது என்றாலும், அந்தத் தளர்வை நம்பி யாரும் முன்கூட்டியே திட்டமிட முடியாது.

மேலே தளர்வு, கீழே இறுக்கம்: கலைக்கும் அறிவியலுக்கும் இடையே கடினமான பிரிவினை கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அதற்கேற்ப, பிளஸ் 2-வில் படிக்காத பாடத்திலும் க்யூட் எழுதலாம் என்று 2025-ல் விதி மாற்றப்பட்டது. பாடங்களின் எண்ணிக்கை 63-லிருந்து 37-ஆகவும், ஒருவர் எழுதக்கூடிய தாள்கள் ஆறிலிருந்து ஐந்தாகவும் குறைக்கப்பட்டன. ஆனால், பிளஸ் 2-வில் படித்த பாடங்களில் மட்டுமே தேர்வு எழுத வேண்டும் என்ற நிபந்தனையை அவ்வாண்டும் தில்லிப் பல்கலைக்கழகம் கைவிடவில்லை. தேர்வு நடத்துவோர் கதவைத் திறக்க, சேர்க்கை நடத்துவோர் அதைச் சாத்தி வைத்திருந்தனர்.

பிற துறைகளிலும் இதே இழுபறிதான். பொறியியல் படிப்புக்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயமல்ல என்று 2021-ல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு அறிவித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சலுகை கட்டடக் கலை, ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பம், பொதியல் தொழில்நுட்பம் ஆகியவற்றோடு சுருங்கியது. மருத்துவத்திலோ, உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வழிவிட்டது.

பள்ளியிலேயே இல்லாத பாடம்: சிபிஎஸ்இ முறையில் ஐந்து பாடங்களுடன் ஆறாவதாக ஒன்றைக் கூடுதலாக எடுக்கலாம். கணிதத்தையோ உயிரியலையோ அப்படிச் சேர்த்து இரு கதவுகளையும் திறந்து வைப்பது வசதியுள்ள குடும்பங்களின் உத்தி. அதற்கு அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் பள்ளி வேண்டும். பெரும்பாலும் தனிப்பயிற்சியும் வேண்டும்.

தலைநகரின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் அறிவியல் பிரிவே கிடையாது. 10-ஆம் வகுப்பு மதிப்பெண்ணைப் பொருத்தே பிரிவு ஒதுக்கப்படுகிறது. அருகில் உள்ள பள்ளியில் கலைப் பிரிவு மட்டும் இருந்தால், தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் வீட்டுப் பெண் அதையே ஏற்றுக்கொள்கிறாள். படிவத்தில் அது அவளது 'விருப்பப் பாடம்' என்று பதிவாகிறது.

மொழித்தாளிலும் கவனம் தேவை. க்யூட் தேர்வின் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. தில்லித் தமிழ்ப் பள்ளிகளில் தமிழை ஒரு பாடமாகப் படிப்பவர்களுக்கு இது வாய்ப்பு. ஆனால், ஆங்கில இலக்கிய ஹானர்ஸ் கோருவோர் ஆங்கிலத் தாளையே எழுத வேண்டும்.

ஆகவே, பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், விரும்பும் படிப்பின் தகுதி விதிகளைப் பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டில் பார்த்துவிடுவது நல்லது. விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், 11-ஆம் வகுப்பில் பார்த்ததை 12-ஆம் வகுப்பில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இதைச் சொல்லித்தர வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அப்படி ஒருவர் இல்லாத பிள்ளைகளுக்கு, பள்ளியிலேயே அந்தப் பாடத்தையும் அதற்கான வழிகாட்டுதலையும் அளிக்காதவரை, பிரிவினையற்ற கல்வி என்பது கொள்கை ஆவணத்தோடு நின்றுவிடும்.