கிராமப் படமும் மலைமேற் கழிவும்

பழனி மலைச்சரிவில் எத்தொழில் நடைபெறுகிறதென்பதை அடிவாரக் குடியானவரும் அறிதல் அவசியம். கொடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேற்புறம் 1983 முதல் உஷ்ணமானித் தொழிற்சாலையொன்று இயங்கிற்று. பாதரஸம் கலந்த கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் பழஞ்சாமான் கிடங்கிற் கிடந்ததை 2001-ல் ஜனங்கள் வெளிப்படுத்திய பின்னரே, இந்துஸ்தான் லீவர் கம்பெனியார் அதனை மூடினர். 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது.

பாதரஸம் மண்ணில் மக்கி அழிவதன்று. நீரில் இறங்கி மீனிற் சேரும். பாம்பாறோ கும்பக்கரை வழியே பெரியகுளத்துப் பக்கம் பாய்வது.

ஆகவே கிராம அதிகாரிகள் ஆலை, கழிவுக் கிடங்கு, ஓடை, கிணறு ஆகியவற்றைக் கிராமப் படத்தில் சர்வே எண்ணுடன் குறித்து, யாவரும் காணுமாறு பொதுவிடத்தில் வைத்தல் நன்று. நிலச் சொந்தக்காரர்கள் புதிய கழிவைக் கண்டவுடன் அதிகாரிகளுக்குத் தெரிவித்து, படத்தில் சேர்ப்பிப்பாராக.