காப்பியும் இரத்தக் கொழுப்பும்: பரம்பரையின் பங்கு

விடியற்காலையில் தறிக்குழியில் இறங்கும் நெசவாளரும், கழனிக்கு நீர் பாய்ச்சப் புறப்படும் உழவரும் முதலில் நாடுவது ஒரு குவளைக் காப்பியே. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில், நம் முன்னோர் நீராகாரம் அருந்திய வேளையில் இன்று காப்பி அமர்ந்திருக்கிறது. உழைப்பவர்க்கு அது சோர்வை நீக்கும் பானம். ஆயினும், இரத்தப் பரிசோதனைச் சீட்டில் "கொழுப்பு அதிகம்" என்று கண்டவுடன் ஒருவர் அஞ்சிக் காப்பியை அடியோடு விட்டுவிடுகிறார். மற்றொருவரோ, "என் பாட்டனார் நாளொன்றுக்கு ஆறு வேளை குடித்து எண்பது வயது வாழ்ந்தார்" என்று சொல்லி, அதைப் பொருட்படுத்தாமலே இருந்துவிடுகிறார். இருவர் கூற்றிலும் பாதி உண்மையுண்டு. எஞ்சிய பாதி எது என்பதை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நலம்; ஏனெனில், குடும்பத் தலைவர் ஒருவர் இளவயதில் மாரடைப்பால் வீழ்ந்தால், தறியும் ஏரும் அன்றோடு நின்றுவிடுகின்றன.

காப்பியில் உள்ள எண்ணெய்ப் பொருள்

காப்பி என்றதும் யாவருக்கும் நினைவுக்கு வருவது காஃபீன். ஆனால் இரத்தக் கொழுப்பை உயர்த்துவதில் முதன்மையானது அதுவன்று. காப்பிக் கொட்டையின் எண்ணெயில் காஃபெஸ்டால், காவியோல் என இரு பொருள்கள் உள்ளன. இவற்றுள் காஃபெஸ்டாலே வலிமை மிக்கது. 1983-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு டிராம்சோ நகரில் பதினான்காயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்த வைத்தியர்கள், மிகுதியாகக் காப்பி அருந்துவோர்க்குக் கொலஸ்டிரால் மிகுந்திருக்கக் கண்டனர். அந்நாட்டில் அக்காலத்தில் தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, மண்டி அடியில் தங்கியபின் தெளிவை ஊற்றிக் குடிப்பது வழக்கம். நம் ஊரில் வரக்காப்பி வைக்கும் முறையும் பல வீடுகளில் இதுவேயன்றோ? பின்னர் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கொழுப்பை ஏற்றும் பொருள் காஃபெஸ்டாலே என்று நிலைநாட்டினர்.

கல்லீரலில் நடப்பது யாது?

பாகூர் ஏரியை நினைத்துக்கொள்வோம். ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் உண்டு. நீர் வெளியேற மதகும் உண்டு. மதகை அடைத்தால் ஏரி நிரம்பும். நிரம்பிய ஏரி வாய்க்கால் நீரை மேலும் ஏற்காது. நீர் வழியிலேயே தேங்கும். கல்லீரலும் இத்தகையதே. இரத்தத்தில் மிதந்து வரும் எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்களை, தன் மேற்பரப்பிலுள்ள "ஏற்பிகள்" என்னும் வாயில்களின் வழியே அது உள்ளிழுக்கிறது. அக்கொலஸ்டிராலில் ஒரு பகுதியைப் பித்தநீராக மாற்றி வெளியேற்றுகிறது. காஃபெஸ்டால் இந்தப் பித்தநீர் மதகைத் தாழ்த்துகிறது. கொலஸ்டிரால் கல்லீரலில் தங்க, ஏற்பிகள் குறைகின்றன, எல்.டி.எல். இரத்தத்திலேயே தேங்குகிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துப் பேலர் மருத்துவக் கல்லூரியினர் 2007-இல் இச்செயலின் நுட்பத்தை விளக்கினர்.

பிறப்பிலேயே வரும் வேற்றுமை

எல்லா ஏரிக்கும் மதகும் வாய்க்காலும் ஒரே அளவினவல்ல. அவ்வாறே, கல்லீரலின் இவ்வமைப்பும் மனிதர்க்கு மனிதர் வேறுபடுகிறது. தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுக்களே இதற்குக் காரணம். கொழுப்பை ஏற்றிச் செல்லும் ஏபோ-ஈ என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். இதன் மரபணு மூன்று வடிவங்களில் உண்டு. நான்காம் எண் வடிவத்தைப் பெற்றவர்க்கு எல்.டி.எல். சற்று மிகுந்தும், இரண்டாம் எண் வடிவத்தைப் பெற்றவர்க்குக் குறைந்தும் இருப்பது பொதுவான இயல்பு.

இதனினும் கடுமையானது ஏற்பியின் மரபணுவிலேயே பழுது நேர்வது. அமெரிக்க வைத்தியர்களான பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் இவ்வேற்பியைக் கண்டறிந்தமைக்காக 1985-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் வீதம் இப்பழுது காணப்படுகிறது. பெற்றோருள் ஒருவர்க்கு இருந்தால், பிள்ளை ஒவ்வொருவர்க்கும் அது வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. இத்தகையோர்க்குக் காப்பியை விட்டால் மட்டும் போதாது, மருந்து இன்றியமையாதது.

காஃபீனிலும் பரம்பரை

காஃபீனை உடல் எவ்வளவு விரைவில் கழிக்கிறது என்பதையும் மரபணுக்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. சி.ஒய்.பி.1ஏ2 என்னும் நொதியின் மரபணு இவற்றுள் முக்கியமானது. காஃபீனை விரைவில் கழிக்கும் உடலினர் தம்மை அறியாமலே மிகுதியாகக் காப்பி அருந்துகின்றனர். ஒரு குவளையின் ஊக்கம் அவர்க்கு விரைவில் தீர்ந்துபோவதே காரணம்.

இவ்வியல்பை ஓர் அளவுகோலாகக் கொண்டு ஆராய்ந்தவர்கள் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர். செல்வம், உணவு, புகைப்பழக்கம் முதலியவை மனிதரின் வாழ்க்கையோடு மாறுபவை. மரபணுவோ பிறக்கும்போதே வாய்த்துவிடுவது. ஆதலால், மிகுதியாகக் காப்பி அருந்தத் தூண்டும் மரபணுக்களை உடையோரின் கொழுப்பும் மிகுந்திருந்தால், காப்பியின் பங்கு உறுதிப்படுமல்லவா? பிரிட்டனில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களை வைத்து 2021-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, மிகுதியான காப்பி எல்.டி.எல். கொழுப்பை உயர்த்தக்கூடும் என்பதற்கு ஆதரவாகவே அமைந்தது. நாளொன்றுக்கு ஆறு குவளைக்கு மேற்பட்டவரிடம் இவ்வுயர்வு மிகுந்து காணப்பட்டது.

வடிகட்டியின் மகிமை

பரம்பரையை மாற்ற இயலாது. வடிகட்டும் முறையை மாற்ற இயலும். 2025-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்த கணக்கு இதற்குச் சான்று. கொதிக்கவைத்த காப்பியில் லிட்டருக்கு 939 மில்லிகிராம் காஃபெஸ்டால் இருந்தது. அதனையே துணியில் வடித்தபோது ஏறத்தாழ 28 ஆகவும், தாள் வடிகட்டியில் இறக்கிய காப்பியில் ஏறத்தாழ 12 ஆகவும் இருந்தது.

கடல் கடந்த நம்மவரிடமிருந்தும் ஒரு செய்தி உண்டு. சிங்கப்பூரில் காப்பிக் கடைக்காரர்கள் நீண்ட துணிப்பையில் காப்பி வடிப்பது பழைய வழக்கம். 2011-இல் வெளியான ஆய்வொன்றில், அத்துணிப்பைக் காப்பியில் காஃபெஸ்டால் சொற்பமாகவே இருந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவகுப்பாரையும் சோதித்தபோது, காப்பிக்கும் இரத்தக் கொழுப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. சிங்கப்பூர் இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர் என்பதை நினைக்கும்போது, இது நமக்கும் பொருத்தமான செய்தியே. மலிவான ஒரு முழத் துணி செய்யும் நன்மை இது. துணி நெய்யும் நமக்கு இதைவிட எளிய பரிகாரம் வேறில்லை. நம் வீட்டுப் பித்தளை அல்லது எவர்சில்வர் வடிகட்டியில் இறங்கும் டிகாக்ஷனையும் ஒருமுறை துணியில் வடித்துக்கொள்ளலாம். சிக்கரியில் காஃபெஸ்டால் கிடையாது என்பதையும் அறிந்துகொள்க.

சர்க்கரையை மறவாதீர்

2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்தது. அதில் எல்.டி.எல். மிகுந்தோர் நூற்றுக்கு 12 பேர். ட்ரைகிளிசரைடு மிகுந்தோர் ஏறத்தாழ 30 பேர். நற்கொழுப்புக் குறைந்தோர் 72 பேர். ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரைக்குப் பெரும் பங்குண்டு. நாளொன்றுக்கு ஆறு குவளை, குவளைக்கு இரு கரண்டி சர்க்கரை எனில், காப்பித் தூளைக் குறைகூறுமுன் சர்க்கரைச் சம்புடத்தை நோக்கவேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, தூளைக் கொதிக்கவைத்துத் தெளிவு இறுக்கும் வழக்கத்தை விட்டு, துணியிலோ தாளிலோ வடித்து அருந்துக. துணியை நாள்தோறும் அலசி வெயிலில் உலர்த்துக.

இரண்டாவது, குடும்ப வரலாற்றைக் கேட்டறிக. தந்தை, உடன்பிறந்த ஆண் ஆகியோர் 55 வயதுக்கு முன்போ, தாய், உடன்பிறந்த பெண் ஆகியோர் 65 வயதுக்கு முன்போ மாரடைப்புக்கு உள்ளாகியிருந்தால், அரசு மருத்துவமனையிலோ கோரிமேட்டு ஜிப்மரிலோ இரத்தக் கொழுப்பைச் சோதித்துக்கொள்ளத் தயங்கலாகாது. எல்.டி.எல். 190-க்கு மேற்பட்டால் பிள்ளைகளையும் சோதிப்பது கடமை.

மூன்றாவது, கொழுப்பு மிகுந்தவர் வைத்தியர் யோசனைப்படி சில வாரங்கள் காப்பி வடிக்கும் முறையை மாற்றி, மீண்டும் சோதித்துப் பார்க்கலாம். காஃபெஸ்டாலால் ஏறிய கொழுப்பு, அதை நிறுத்தினால் இறங்கும் இயல்புடையது. இறங்கினால் காப்பியின் பங்கு தெரிந்துவிடும். இறங்காவிடில் காரணம் வேறிடத்தில் உளதென உணர்ந்து சிகிச்சை பெறலாம். மருந்து உண்போர் தாமாக அதை நிறுத்துதல் கூடாது.

தனித்தனியே செல்ல நேரமும் வசதியும் இல்லாதவர் பலர். சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை பொதுப் பேரவைக் கூட்டத்தையொட்டி இரத்தப் பரிசோதனை முகாம் ஒன்றையும் ஏற்பாடு செய்தால், ஒவ்வொரு அங்கத்தினரும் தம் உடலின் கணக்கையும் அறிந்துகொள்வர். சங்கக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் நாம், உடற்கணக்கை மட்டும் தணிக்கையின்றி விடுவது நியாயமாகாது.