ஊர் இல்லாத அணிகள்

புறநகர் மைதானம் – 9

2019 மார்ச் 9-ஆம் தேதி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று தோற்கடித்து ஐ-லீக் சாம்பியன் ஆனது சென்னை சிட்டி. ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த முதல் அணி அதுதான். ஆனால் அணியின் பெயரில் இருந்த ஊர் ஒன்று, ஆடிய ஊர் வேறு. நடுவே சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். கோவைக்காரர்கள் வந்து உட்கார்ந்து ரசித்தார்கள். இருந்தாலும் இன்னொரு ஊரின் பெயரைச் சொல்லி எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்த முடியும்? சென்னையில் இருந்தவர்களுக்கோ அது காலையில் பேப்பரில் பார்க்கும் ஒரு ஸ்கோர். பட்டம் வென்ற சில ஆண்டுகளிலேயே தேசிய லீக்குகளில் அந்தப் பெயர் இல்லாமல் போனது.

சாம்பியனுக்கே இந்தக் கதி. அப்படியானால் அதற்குக் கீழே, நகர லீக்கில் ஆடும் அணிகளை யார் வந்து பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "எல்லாரும் கிரிக்கெட் பார்க்கப் போயிடறாங்க" என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் முதல் டிவிஷன் லீக்கைப் போய்ப் பாருங்கள். ரஞ்சி வீரர்களும் ஐ.பி.எல். வீரர்களும் ஆடும் ஆட்டம் அது. அங்கேயும் மரத்தடியில் பத்து இருபது பேர்தான் இருப்பார்கள். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்ளும் அதே ஊர்தான் இது. ஆக, விளையாட்டு எது என்பதல்ல விஷயம். அந்த அணி யாருடையது என்பதுதான் விஷயம்.

சென்னை கால்பந்து சங்கத்தின் லீக்கில் பல பத்தாண்டுகளாக ஆடிவந்த அணிகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இன்கம்டாக்ஸ், கஸ்டம்ஸ், ரிசர்வ் பேங்க், ஏ.ஜி. ஆபீஸ். எல்லாம் வேலை கொடுத்த இடங்கள். அந்த வேலைகள்தான் இந்த ஊரில் கால்பந்தை உயிரோடு வைத்திருந்தன, அதை மறுக்கவே கூடாது. வீட்டில் அடுப்பெரிய வழியில்லாத ஒரு பையன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிளார்க் ஆகி, குடும்பத்தையே கரையேற்றியிருக்கிறான். 1996-97-இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது முதல் சீசனிலேயே இந்தியன் பேங்க் களத்தில் இருந்தது. சபீர் பாஷா போன்ற இந்திய வீரர்கள் ஆடிய அணி அது. வீரர்களைப் பொறுத்தவரை அது பொற்காலம். ஆனால் ஒரு பேங்குக்காக யார் கொடி பிடிப்பார்கள்? இன்கம்டாக்ஸ் ஜெயித்தது என்று குரோம்பேட்டையில் யார் பட்டாசு வெடிப்பார்கள்? பிறகு கோட்டா வேலைகளும் குறைந்தன. பையன்களுக்கு இருந்த பிடிப்பும் தளர்ந்தது. பார்க்க வருபவர்களோ அதற்கு முன்பும் அதிகம் இருந்ததில்லை.

லீக் ஆட்டம் ஒன்றைப் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் வார நாளில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் இறங்காத மதியம். நாற்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கில் நிழல் விழும் பக்கம் மட்டும் ஆட்கள். முன் வரிசையில் அடுத்த மேட்ச் ஆடவேண்டிய பையன்கள் ஷின்-கார்டை மாட்டிக்கொண்டு, ஷூ லேஸைப் பாதத்துக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று கோச்சுகள், ரிட்டயரான பழைய ஆட்டக்காரர்கள், மகன் ஆடுகிறான் என்று பர்மிஷன் போட்டு வந்த ஒரு அப்பா. கோல் விழுந்தால் கைதட்டல் ஒலியில் ஆளை எண்ணிவிடலாம். டிக்கெட் கிடையாது, கேட்டில் தடுப்பார் இல்லை, ஆனாலும் வருவார் இல்லை.

நம் தென்புறநகர் அஸ்தினாபுரத்திலிருந்து அங்கே போவதாக வைத்துக்கொள்வோம். ஷேர் ஆட்டோ பிடித்து குரோம்பேட்டை ஸ்டேஷன், அங்கிருந்து பீச் வண்டியில் பார்க், இறங்கி ரிப்பன் கட்டடத்துக்குப் பின்பக்கம் நடை. ஒரு பக்கமே ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பும்போது ஆபீஸ் கூட்டம். வேலைக்குப் போகிறவன் மூன்று மணி மேட்சுக்கு லீவு போட வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் போனால், ஆடுகிற இரண்டு அணிகளில் ஒன்றுகூட அவன் ஊர்க்காரர்கள் இல்லை. அப்புறம் அவனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

கொல்கத்தா லீக்கும் ஒரு நகர லீக்தான், 1898-இல் தொடங்கியது. ஆனால் அங்கே ஈஸ்ட் பெங்கால் என்றால் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கொடி. மோகன் பகானும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஜனம் உண்டு. நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலைக்குள் அடித்த ஒரே கோலில், பல வருஷமாக அந்த மோதலில் ஜெயிக்காமல் தவித்த கூட்டம் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. சென்னையில் பந்தைத் தொட்டுப் பழகிய கால் அது. அந்த ஆரவாரத்தை அவர் சொந்த ஊரில் கேட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இன்னொரு பக்கம், டி.வி. இதில் ஒரு விநோதம் இருக்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது. 1960-களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்டு விடாப்பிடியாக நின்று வாங்கிய ஏற்பாடு அது. பெரிய ஆட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டால் சின்ன கிளப்பின் கேலரி காலியாகும் என்று அன்றே அவருக்குப் புரிந்திருந்தது. பர்ன்லி ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். ஆனாலும் 1883-லிருந்து ஒரே மைதானத்தில் ஆடும் கிளப்பும் இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள் உட்காரும் கேலரியும் அதற்கு உண்டு. அந்த மூன்று மணி ஆட்டங்கள் நமக்கு இரவு ஏழரைக்கு, குளிர்காலத்தில் எட்டரைக்கு, தடையில்லாமல் வருகின்றன. மான்செஸ்டர் பையன் வீட்டு டி.வி.யில் பார்க்க முடியாத மேட்சை நம்ம ராஜேந்திர பிரசாத் சாலைப் பையன் செல்போனில் பார்க்கிறான். ஆர்சனலின் சப் கோல்கீப்பர் யார் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வான். சென்னை சீனியர் டிவிஷனில் போன வருஷம் ஜெயித்தது யார் என்று கேட்டால் விழிப்பான். அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கால்பந்து ஆசை நம் புறநகர்ப் பக்கம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. வேளச்சேரி சாலையிலும் மேடவாக்கம் பக்கமும் வலை கட்டிய டர்ஃப்களில் ராத்திரி பதினோரு மணிக்கும் விளக்கு எரிகிறது. ஆளுக்கு நூறு, நூற்றைம்பது போட்டு ஐ.டி. பையன்கள் ஆடுகிறார்கள். பொங்கலுக்கு, நினைவுக் கோப்பைக்கு என்று ஏரியா பசங்க நடத்தும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் கோட்டுக்கு வெளியே நிற்க இடம் கிடைக்காது. காம்பவுண்டு சுவர் மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆட்டத்தின் தரம் குறைவுதான், மைதானமும் மேடு பள்ளம்தான். ஆனால் கோல்கீப்பர் பக்கத்துத் தெரு மெக்கானிக், அடிப்பவன் நமக்கு பால் பாக்கெட் போடுகிற பையன்.

மலப்புரத்தில் இதையே பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே செவன்ஸ் சீசனில் கேலரி கட்டி, விளக்குப் போட்டு, வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு வரும் நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும், வாங்கிப் போகிறார்கள். அணிகளின் பெயரைக் கவனியுங்கள்: சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம், ஃபிஃபா மஞ்சேரி. முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் கூடவே ஊர் இருக்கிறது. 2022 மே 2 அன்று மஞ்சேரி பய்யநாடு ஸ்டேடியத்தில் கேரளாவும் வங்காளமும் மோதிய சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டமும் இரவில்தான் நடந்தது. அரங்கம் வழிய வழியக் கூட்டம். மாநில அணிகள் ஆடும் சந்தோஷ் டிராபியை நாட்டின் மற்ற பகுதிகள் ஏறக்குறைய மறந்துவிட்ட காலத்தில் நடந்தது இது.

எனவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கூட்டம் வரவில்லை என்று கிளப்கள் மக்களை நோவது நியாயமில்லை. ஆட்டம்தான் மக்கள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 70 வார்டுகள், ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள். 1937-லிருந்து கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் கிறித்தவக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., ரயில்வே, இப்படிப் பரந்த வளாகம் உள்ள நிறுவனங்கள் நம் பக்கமே இருக்கின்றன. லீக்கில் கீழ் டிவிஷன் ஆட்டங்களில் ஒரு பங்கையாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இங்கே வைக்கலாம். ஓர் அணிக்கு 'தாம்பரம்' என்றோ 'பல்லாவரம்' என்றோ பெயர் வைத்து, இந்த ஊர்ப் பள்ளிகளில் ஆடும் பிள்ளைகளில் நாலு பேரையாவது அதில் சேர்க்கலாம். ஸ்பான்சர் பெயர் முன்னால் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வாரம் முன்பே ஃபிக்சரைத் தமிழில் அச்சடித்து ஸ்டேஷன் வாசலிலும் டீக்கடையிலும் ஒட்டினால் ஆகும் செலவு, ஒரு செட் ஜெர்சி விலைகூட வராது. இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. சங்கம், கல்லூரி, மாநகராட்சி மூன்று தரப்பும் ஒரு மேஜையில் உட்கார வேண்டும், அதுதான் இதுவரை நடக்கவில்லை.

உங்கள் தெருவிலோ பக்கத்து ஏரியாவிலோ லீக்கில் பதிவு செய்து ஆடும் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், அடுத்த மேட்ச் எப்போது, எங்கே என்று இன்றே கேட்டு வையுங்கள். முடிந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். தாம்பரம், பல்லாவரம் சுற்றுவட்டாரத்தில் பதினொரு பேர் ஆடும் அளவுள்ள, பொதுமக்களை உள்ளே விடும் மைதானம் எது தெரிந்தாலும் எனக்கு எழுதுங்கள். வரும் கடிதங்களை வைத்துத்தான் அடுத்த வாரப் பகுதி.