கீசர் நின்றுபோனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சென்ற டிசம்பரில் ஒரு நாள் சுபுஹு நேரத்தில் எங்கள் வீட்டுக் கீசரில் வெந்நீர் வரவில்லை. வாப்பாவுக்கு 78 வயது. குளிர் காலத்தில் பச்சைத் தண்ணீரில் ஒளூச் செய்வது அவருக்குச் சிரமம். அன்றைக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் ஓர் எலெக்ட்ரீசியனை அழைத்தோம். கால் மணி நேரத்தில் வேலையை முடித்தவர், "உள்ளே கட்-அவுட் விழுந்திருந்துச்சு ஹஜ்ரத். அதைத் தூக்கிட்டு டைரக்டா கொடுத்துட்டேன். இனிமே நிக்கவே நிக்காது" என்றார். அவர் சொன்னபடியே அது நிற்கவில்லை. மூன்றாம் நாள் யாரோ சுவிட்சை அணைக்க மறந்துவிட, குழாயைத் திறந்தபோது ஆவியோடு கொதிநீர் சீறியது. என் இளைய மகள் திறந்திருக்க வேண்டிய குழாய் அது. அல்ஹம்துலில்லாஹ், அன்று நான் முந்திக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மதரஸாவிலும் சரி, பி.ஏ. வகுப்பிலும் சரி, இதை யாரும் சொல்லித் தரவில்லை.

தண்ணீர்த் தொட்டியுள்ள கீசரில் சூடாக்கும் வேலையைச் செய்வது காயில். தண்ணீர் தேவையான சூட்டுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதாகி நிறுத்தத் தவறினால், அதற்கு மேல் காவலாக இருப்பதுதான் கட்-அவுட். கட்-அவுட் விழுந்தது என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று பொருள், அல்லது தொட்டியில் தண்ணீர் இல்லாமல் காயில் காய்ந்தது என்று பொருள். எங்கள் வீட்டில் நடந்தது முதலாவது. கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு, நல்ல நிலையில் இருந்த காவலைக் கழற்றியிருக்கிறார். இப்படிக் 'டைரக்ட்' கொடுத்த கீசரில் பாதுகாப்பு வால்வும் உப்பு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கக்கூடும்.

எனவே வெந்நீர் வராதபோது வரிசையாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, பிளக்கை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன பிளக் இதைத் தாங்காது. பெரிய 16 ஆம்பியர் பிளக்காக இருந்தாலும், ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறி, பின் கருத்து, பிளாஸ்டிக் உருகும். கருகிய வாடை வந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். சுவரில் வரும் வயர் குறைந்தது 2.5 சதுர மில்லி மீட்டராக இருக்க வேண்டும்.

பிளக் நன்றாக இருந்து, விளக்கும் எரிந்து, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்றால் காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட் ஆகிய மூன்றில் ஒன்று. மூடியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் வயரில் கொடுத்திருப்பார்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள்; பிளக் இல்லாத இணைப்பு என்றால் மெயினை இறக்குங்கள். சில கீசர்களில் கட்-அவுட்டில் சின்ன பட்டன் இருக்கும். ஆறிய பின் ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும், மூன்றாம் முறை அழுத்தக் கூடாது. வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 2000 வாட் காயில் 26 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

சூடாகிறது, ஆனால் முன்பு போல் இல்லை என்பது போர் தண்ணீர் வரும் வீடுகளில் தினமும் கேட்கும் புகார். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் காயிலுக்குச் சுமார் அரை மணி நேரம் போதும். அதைவிட அதிகம் எடுத்தால் காயில் மீது வெள்ளை உப்பு படிந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் முன்கூட்டியே நிறுத்தலாம். தண்ணீரை வடித்துக் காயிலைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் உப்பு விட்டுவிடும். கத்தியால் சுரண்டக் கூடாது. மாட்டும்போது புது வாஷர் போடுங்கள். கூடவே உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. மெலிந்து போயிருந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டி ஓட்டையானால் செலவு பல மடங்கு. வேலை முடிந்ததும் தொட்டி நிறைந்து வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

அடுத்தது மெயின் இறங்கும் பிரச்சினை. நம் வீடுகளில் பலர் இதைத் தொல்லையாகவே நினைக்கிறார்கள். போட்ட உடனே எம்.சி.பி. இறங்கினால் எங்கோ ஷார்ட். ஆர்.சி.சி.பி. இறங்கினால் மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். போட்டு ஐந்து, பத்து நிமிடம் கழித்து இறங்கினால் காயில் சூடேறும்போது கீறல் வழியாகக் கசிவதாக இருக்கலாம். சாதாரண மீட்டரில் இது தெரியாமல் போகலாம், மெகர் வைத்திருப்பவரை அழையுங்கள். அந்த நிலையில் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வயர் கொடுத்து வெந்நீர் வரவழைப்பவர்கள் உண்டு. கசியும் மின்சாரம் பிறகு போவது குளிப்பவரின் ஈர உடம்பு வழியாகத்தான். குழாயைத் தொடும்போது லேசாகச் 'சுர்' என்று இருந்தாலே அன்று கீசர் வேண்டாம். அது எர்த் சரியில்லை என்பதற்கும் அடையாளம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதில் உள்ள 'டி' பட்டனை அழுத்தினால் இறங்குகிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டும் இல்லாத வீட்டில் குளிக்கப் போகும் முன் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது.

இன்னொன்று, சொட்டும் வால்வு. தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 லிட்டரில் சுமார் 350 மில்லி கூடும். அந்தத் தண்ணீர் பாதுகாப்பு வால்வு வழியே சொட்டுவது இயல்பு. சுவர் நனைகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள். ஆறிய பிறகும் ஓயாமல் ஒழுகினால் மட்டும் வால்வை மாற்றலாம்.

எங்கள் வீட்டில் வேறொருவர் வந்து தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் புதிதாக மாட்டினார். பழைய தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வால்வில் ஒரு டியூபை மாட்டித் தரைத் துவாரத்துக்கு விட்டிருக்கிறார். அது இப்போதும் காலையில் சொட்டுகிறது, வாப்பா அதைப் பற்றித் தினமும் ஒரு முறை கேட்கிறார்.